மாத்தளை மாவட்டத்துச் சாம்பல் நிறப் பாம்புகள்

இலங்கையின் மத்திய மாகாணத்திலுள்ள மாத்தளை மாவட்டத்தில் சாம்பல் நிறம் கொண்ட பாம்பினங்கள் பல உள்ளன. தெற்கே உக்குவளை, இரத்தோட்டைத் தோட்டங்கள் ஈர மலைப்பாங்கிலும், வடக்கே தம்புள்ளை, சீகிரியாப் பகுதிகள் உலர் வலயத்திலும் அமைந்திருப்பதால் இரு வலயப் பாம்புகளும் இங்கு வாழ்கின்றன. நிறத்தை மட்டும் கொண்டு நஞ்சுள்ளதா, இல்லையா என்று முடிவுகட்ட இயலாது.

இவற்றுள் முதன்மையானது கூன்மூக்குக் குழிவிரியன்; சிங்களத்தில் குணகட்டுவா. ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடலில் கருந்திட்டுகள் இருக்கும். தலை முக்கோண வடிவானது, மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும், கண்ணுக்கும் நாசிக்கும் இடையே வெப்பம் உணரும் குழி உண்டு. சருகுக்குள் தலையைச் சற்றே உயர்த்திச் சுருண்டு கிடக்கும். கொழுந்து பறிப்பவர் கால் வைத்த பிறகே கண்ணில் படும்.

இதனை 1820இல் விலங்கியலாளர் மெர்ரம் விவரித்தார். 1843இல் ஃபிட்சிங்கர் ஹிப்னாலே என்னும் பேரினத்தை நிறுவினார். 1977இல் கிளாய்ட் ‘வல்லி’ என்றோர் இனத்தைச் சேர்த்தார். 2009இல் கலன மதுவகே குழுவினர் வல்லியை நெப்பா என்னும் இனத்துள் அடக்கி, கைவிடப்பட்டிருந்த ஸாரா என்னும் இனத்தை மீட்டனர். ஆக இலங்கையில் ஹிப்னாலே, நெப்பா, ஸாரா என மூன்று இனங்கள். நெப்பாவும் ஸாராவும் இத்தீவுக்கே உரியவை.

பழைய நூல்கள் கூன்மூக்குக் குழிவிரியனின் கடியைச் சிறிதாக மதித்தது பெரும் பிழை. பெரும்பாலோர் வலி, வீக்கத்தோடு தப்பினாலும், இரத்தம் உறையாமலும் சிறுநீரகம் செயலிழந்தும் இறந்தோர் உண்டு. இந்தியாவிலிருந்து தருவிக்கும் நஞ்சுமுறி இதற்கு உதவாது.

உலர் பகுதியில் அஞ்சத்தக்கது கட்டுவிரியன். கருஞ்சாம்பல் உடலின் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் வால்பக்கம் தெளிந்து, கழுத்துப்பக்கம் மங்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாகப் பெருத்திருக்கும். நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனில் பட்டைகள் முன்புறம் தெளிந்து பின்புறம் மங்கும், நடுச்செதில்கள் பெருக்கா. தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் தீண்டும். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. வயிற்றுவலியும் இமை சரிவதும் தோன்றி, பின் மூச்சு அடங்கும்.

சாம்பல் பழுப்பான சாரை ஆறடிக்கு மேல் வளரும், நஞ்சற்றது, எலிகளை உண்டு வயலைக் காக்கும். விரியன் என எண்ணி இதனை அடித்துக் கொல்வது இன்றும் நிற்கவில்லை.

கடிபட்டவர் எந்தப் பாம்பு என்று தேடி நேரம் கடத்தலாகாது. கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.