தாடண்டர் என்னும் பெயர்

சைதாப்பேட்டையில் வழங்கும் இடப்பெயர்களை ஒருவர் வரிசையாக எழுதிப் பார்ப்பாராயின், சென்னப்பட்டணத்தின் சரித்திரத்தில் பெரும்பங்கு அந்த ஒரு தாளிலேயே அடங்கிவிடும். ஊரின் பெயரே நவாபுகளின் காலத்தை நினைப்பூட்டுவது. அதன் தெற்கெல்லையில் ஆர்மீனிய வணிகரான பெட்ரூஸ் உஸ்கான் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அடையாற்றின்மேல் 1726-ல் கட்டுவித்த மர்மலாங் பாலம் இருந்தது. அதனிடத்தில் பின்னர் எழுந்த புதிய பாலமோ, வேதாசலம் என்ற தம் இயற்பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்பெயர்களுக்கு நடுவே, அரசாங்க ஊழியர் குடியிருக்கும் வீடுகளின் தொகுதியொன்றுக்குத் தாடண்டர் நகர் என்று பெயர். ‘தாடண்டர் நகர் குவார்ட்டர்ஸ்’ என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் மறுபேச்சின்றி வண்டியை எடுப்பார். தாடண்டர் யார் என்று கேட்டால்தான் சற்றே திகைப்பார்.

டாட்ஹண்டர் என்பது அதன் ஆங்கில உச்சரிப்பு. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘டாட்’ என்பது நரியைக் குறிக்கும் பழைய வழக்குச் சொல். ஆகவே, நரி வேட்டையாடுகிறவன் என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள். கம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து என்னும் மலைப்பாங்கான வடமேற்குப் பிரதேசங்களே இக்குடும்பங்களின் பூர்விகம். அங்கே ஆடு வளர்ப்பே குடியானவர்களின் ஜீவனம். ஈன்ற பருவத்தில் ஆட்டுக்குட்டிகளை நரி கவ்விச் சென்றுவிட்டால் அவ்வருஷத்து வருமானமே போய்விடுமாதலால், நரியைக் கொல்பவன் ஊருக்கு வேண்டியவனாக மதிக்கப்பட்டான். சிவப்புச் சட்டையணிந்த சீமான்கள் குதிரைமீதேறிக் கொம்பூதி நடத்தும் வேட்டையையே நாம் படங்களில் கண்டிருக்கிறோம். நம் நீலகிரியிலும் உதகை வேட்டைச் சங்கத்தார் அவ்வண்ணமே நாய்களை ஏவி நம் நாட்டு நரியைத் துரத்தினார்கள். கம்பர்லாந்தின் செங்குத்தான சரிவுகளிலோ குதிரைக்கு வேலையில்லை. நாய்களின் பின்னே கால்நடையாகவே ஏறி இறங்கவேண்டும். அது விநோதமன்று, பிழைப்பு.

இப்பிழைப்பு எவ்வாறு நடந்தது என்பதை எலிஸபெத் ராணியின் ஆட்சியில் 1566-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் தெளிவாகக் காட்டுகிறது. டாட்ஹண்டர் என்னும் பெயர் அச்சட்டத்துக்கு முந்தியதேயெனினும், தானியத்தையும் கால்நடையையும் அழிக்கும் பிராணிகளுக்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று விலை குறித்து, அத்தொகையை அவ்வவ்வூர் மாதாகோயில் நிர்வாகிகளே கொடுக்கவேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. நரியின் தலைக்குப் பன்னிரண்டு பென்ஸ். அந்நாளைய கூலியாளுக்கு ஒரு நாட்கூலியைக் காட்டிலும் அது மிகுதி. கொண்டுவந்த தலையை நிர்வாகிகளின் கண்ணெதிரே எரித்தோ வெட்டியோ அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. அதே தலையை அடுத்த ஊரில் காட்டி இன்னொரு முறை பணம் பெறுகிற சாமர்த்தியசாலிகள் அக்காலத்திலும் இருந்திருப்பார்கள் போலும்!

நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066-ம் வருஷத்துக்குப் பின் மூன்று நூற்றாண்டுகளில், தகப்பன் பெயர், ஊர், தொழில், அங்க அடையாளம் என்னும் நால்வகையாலும் அந்நாட்டு மக்களுக்குக் குடும்பப்பெயர்கள் படிப்படியாக நிலைபெற்றன. இவற்றுள் தொழிற்பெயரே நம்மவர் சிந்திக்கத்தக்கது. கொல்லனின் பேரன் பாதிரியானாலும் அவன் ஸ்மித்தே. நரி வேட்டைக்காரனின் சந்ததியார் துணி வியாபாரத்தில் இறங்கினாலும் அவர்கள் டாட்ஹண்டர்களே. தொழில் கழன்று போயிற்று, பெயர் மட்டும் தங்கிற்று. நம் நாட்டிலோ தொழிலால் வந்த பெயர் ஒரு குடும்பத்தோடு நில்லாமல் ஒரு ஜாதி முழுவதற்குமாகி, பெயரைத் தொழிலும் தொழிலைப் பெயரும் விடாமல் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேயரிடம் வெறும் அடையாளமாக மெலிந்துபோன ஒன்று நம்மிடம் விலங்காக இறுகிற்று என்று சொன்னால் அது மிகையாகாது.

ஸ்மித், ஜோன்ஸ் முதலிய பெயர்களைப்போல் டாட்ஹண்டர் பெருவழக்குடையதன்று. இங்கிலாந்திலேயே அரிதாக வழங்குவது. ஒரு விதத்தில் இது சரித்திரக்காரனுக்கு அனுகூலம். சைதாப்பேட்டையிலேயே ஜோன்ஸ் ரோடு என்று ஒரு வீதி இருக்கிறது. ஜான் என்பவனின் மகன் என்று பொருள்படும் அப்பெயருடையார் வேல்ஸ் தேசத்தில் ஊருக்கு ஊர் மலிந்திருக்க, வீதிக்குரிய ஜோன்ஸைப் பெயரை மட்டும் கொண்டு எங்கே போய்த் தேடுவது? டாட்ஹண்டர் விஷயத்தில் அந்தச் சிரமமில்லை.

அப்பெயரைத் தமிழ்நாட்டு மாணாக்கர் முதலில் அறிந்தது மனிதராக அன்று, புத்தகமாகத்தான். கேம்பிரிட்ஜில் 1848-ல் கணிதப் பரீக்ஷையில் முதல்வராகத் தேறிய ஐஸக் டாட்ஹண்டர் (1820–1884) எழுதிய பீஜகணிதமும், அவர் 1862-ல் பதிப்பித்த யூக்ளிடும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பல்லாண்டுக் காலம் பாடமாக விளங்கின. 1857-ல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் பரீக்ஷைகளுக்காக இரவு விளக்கடியில் அவற்றைப் புரட்டியவர்கள் அப்பெயரை மரியாதையோடு மட்டும் உச்சரித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நகருக்குப் பெயர் தந்தவர் வேறொருவர். ஸிவில் ஸர்வீஸ் உத்தியோகஸ்தராகச் சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஸர் சார்லஸ் ஜார்ஜ் டாட்ஹண்டர். இரட்டையாட்சி தொடங்கிய காலத்தில் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராக இருந்த இவர், 1924 ஏப்ரலில் வில்லிங்டன் பிரபு விடைபெற்றுக் கோஷன் பிரபு பதவியேற்குமுன் இடைப்பட்ட சொற்ப காலம் கவர்னராகவும் இருந்தார். அவ்வருஷமே இந்திய அரசாங்கம் நியமித்த வரிவிசாரணைக் கமிட்டிக்குத் தலைவரானார். பின்னர் மைசூரில் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அந்தரங்கக் காரியதரிசியாக அமர்ந்தார். இத்தனை பதவிகளையும் இன்று நினைப்பவர் எவர்? வரிக் கமிட்டியின் அறிக்கையைப் பொருளாதார மாணவர் சிலர் அறிவர், அவ்வளவே. நிலைத்தது குடியிருப்பின் பெயர்தான்.

அது நிலைத்ததற்குக் காரணம் அவருடைய கீர்த்தியன்று, தமிழ் நாவின் சௌகரியமே. நடுவிலுள்ள ஹகரத்தை விழுங்கி, முதலெழுத்தாக வராத டகரத்தைத் தகரமாக்கி, டாட்ஹண்டரைத் தாடண்டராக்கிக்கொண்ட பிறகு அது அந்நியப் பெயராகவே ஒலிக்கவில்லை. ஹாமில்டன் பாலம் ஜனங்களின் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதுவே பிறகு ஆங்கிலத்தில் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று திரும்பியதாகச் சொல்லும் கதையை அறியாத சென்னைவாசி அரியர். தாடண்டருக்கு அப்படியொரு பொருட்குழப்பமும் நேரவில்லை. தமிழில் அச்சொல்லுக்கு அர்த்தமே இல்லாதபடியால் எவருக்கும் அது உறுத்தவில்லை. தெருப்பெயர்களிலிருந்து ஜாதிப் பட்டங்களை நீக்கவேண்டுமென்று 1970-களின் இறுதியில் அரசாங்கம் ஆணையிட்டபோது, நம் பெரியவர் பலரின் பெயர்கள் வாலிழந்து நின்றன. தொழிலைக் குறிக்கும் பட்டமாகவே பிறந்த இந்த ஆங்கிலப் பெயரை எவரும் தொடவில்லை. தொடாதது சரியே என்பது என் அபிப்பிராயம். கம்பர்லாந்தின் எந்த மலைக் கிராமத்தையும்விட இன்று அப்பெயர் மிகுதியாக உச்சரிக்கப்படுவது சைதாப்பேட்டையில்தான் இருக்கும்.

குடியிருப்பில் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுகின்றன. புதிய பெயர்ப்பலகை எழுதுவிக்கும் இலாகாவினர், ‘தாடண்டர் நகர்’ என்ற எழுத்துக்களின் கீழே, சார்லஸ் டாட்ஹண்டர், சென்னைக் கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினர் என்று ஒரு வரி சேர்ப்பார்களாயின், ஆட்டோக்காரர் முதல் அங்கே குடியிருக்கும் குமாஸ்தா வரை அனைவருக்கும் உபகாரமாக இருக்கும்.