முள்ளை விட்டு வாசலைப் பார்த்தார்

1830களில் பெர்லினில் கிறிஸ்டியான் ஏரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல்லை மெல்லிய சில்லுகளாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே உருண்டைகள் தெரிந்தன. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். உடம்பெல்லாம் முள், முள்ளின் நுனி கவட்டைபோலப் பிரிந்திருந்தது. நன்னீரில் வாழும் சாந்திடியத்துக்கும் முள் உண்டு. சாயல் போதுமென்று 'சாந்திடியம் ராமோசம்' எனப் பெயரிட்டுவிட்டார். கடலடியில் உண்டான கல்லுக்குள் குளத்து உயிருக்கு என்ன வேலை என்று யாரும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை.

இகுவானோடான் டைனோசருக்குப் பெயர் வைத்த இங்கிலாந்து மருத்துவர் கிடியன் மேன்டெலுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. 1850இல் இவற்றுக்கென்று 'ஸ்பினிஃபெரைட்டீஸ்' என்ற புதுப் பேரினத்தை முன்வைத்தார். அது எடுபடவில்லை. 1933இல் ஓட்டோ வெட்செல் சூட்டிய 'ஹிஸ்ட்ரிகோஸ்பியரா'தான் ஊரெல்லாம் பரவியது. பிறகென்ன, உருண்டையாக முள்ளோடு எது கிடைத்தாலும் ஹிஸ்ட்ரிகோஸ்பியர்தான். சிறு கடலுயிரிகளின் முட்டை என்று சொன்னவர்களும் உண்டு.

எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1961இல் அமெரிக்கரான வில்லியம் எவிட் ஓட்டையைப் பார்த்தார்.

இந்த உருண்டைக் கூடுகள் பலவற்றில் ஒரு திறப்பு இருக்கும். அதை உடைசல் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அதன் விளிம்பு நறுக்கியதுபோல் நேராக இருந்தது. ஒரே வகைக் கூடுகளில் ஒரே இடத்தில் இருந்தது. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகள் பலவற்றின் உடம்பில் தகடுகள் வரிசை மாறாமல் பொருந்தியிருக்கும். அந்த வரிசையை இந்தக் கூட்டோடு ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தி வந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. தகடுகள் சந்திக்கும் மூலைகளில்தான் முட்கள். திறந்த இடம் முதுகுப்பக்கம், பட்டைக்கு மேலே, ஒரே ஒரு தகட்டின் அளவு. ஓய்வுக்காலத்தைக் கூட்டுக்குள் கழித்த உயிர் வெளியேறிய வாசல் அது. கூட்டின் பொருள் லேசில் மட்குவதில்லை. பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தாலும் மிஞ்சும்.

டைனோஃபிளாஜெல்லேட் என்ற அடையாளம் தேறாத உருண்டைகளை எவிட் 1963இல் 'அக்ரிடார்க்' என்ற தனிக் குழுவுக்கு அனுப்பினார். இன்னதென்று தெரியாதவற்றுக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கியது நேர்மையான காரியம்.

நேரடிச் சான்றும் சீக்கிரமே கிடைத்தது. 1960களில் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் டேவிட் வாலும் பாரி டேலும் இன்றைய கடலில் சேகரித்த உயிருள்ள கூடுகளை ஆய்வகத்தில் முளைக்க விட்டார்கள். ஸ்பினிஃபெரைட்டீஸ் கூட்டிலிருந்து நீந்தி வந்தது கோனியாலாக்ஸ் என்ற டைனோஃபிளாஜெல்லேட்.

பெயர் வழக்கும் அதே காலத்தில் தீர்ந்தது. இவை தாவரவியல் பெயரிடல் விதிக்குள் வருபவை. அங்கே முந்தி வைத்த பெயருக்கே உரிமை. ஹிஸ்ட்ரிகோஸ்பியரா விலக, மேன்டெலின் பெயர் நூறாண்டு கழித்துத் திரும்பியது. இன்று அந்த இனம் 'ஸ்பினிஃபெரைட்டீஸ் ராமோசஸ்'. அதன் பின்னால் எழுதும்போது ஏரன்பெர்க் பெயர் அடைப்புக்குறிக்குள், மேன்டெல் பெயர் வெளியே.

ஒரு சிக்கல் பாக்கி. தனித்தனி இனமாக விவரிக்கப்பட்ட பல ஸ்பினிஃபெரைட்டீஸ் கூடுகள், கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்ற ஒரே பெயரில் வழங்கும் உயிர்களின் கூடுகளாக இருக்கின்றன. நீந்தும் உயிருக்கு ஒரு பெயர், கூட்டுக்கு இன்னொன்று என்று இரண்டும் புழக்கத்தில் உள்ளன. குழப்பம் என்று குறைப்படுபவர்கள் உண்டு. பாறையில் கிடைப்பது கூடு மட்டுமே என்பதால், அதற்குத் தனிப்பெயர் இருப்பதுதான் சரி என்பேன்.