கால்பந்து வந்த வழி – 17: கீழே இறங்கி ஆடிய பலராம்

ஜகார்த்தா. 1962 செப்டம்பர் 4. செனயான் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் தென் கொரியாவும் மோதவிருக்கின்றன. சென்ற இதழில் கதை அங்கேதான் நின்றது. பந்தை உருட்டிவிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். அந்தக் கேள்வி நெய்வேலியில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

டவுன்ஷிப்பின் வட்டங்களில் மாலை வெயில் தாழ்ந்ததும் பையன்கள் பந்தோடு இறங்கிவிடுவார்கள். வேலியோரம் சைக்கிளைச் சாய்த்து வேடிக்கை பார்க்கும் பெரியவர்களின் வாயில் வருவது பழைய சொற்கள்: “ஹாஃப் எங்கடா? ஹாஃபைப் பின்னால வரச் சொல்லு!” பையன்களோ ‘மிட்’ என்கிறார்கள், ‘டிஃபென்சிவ் மிட்’ என்கிறார்கள், சட்டை எண்ணை வைத்து ‘ஆறு’, ‘எட்டு’, ‘பத்து’ என்கிறார்கள். ரைட் ஹாஃப், சென்டர் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப் என்று மூன்று பேர் ஒரு காலத்தில் அணியையே தாங்கி நின்றார்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

இரண்டு பேர் பின்னால் போனார்கள். ஒருவர் மட்டும் நடுவிலேயே நின்றுவிட்டார்.

முதலில் போனவர் சென்டர் ஹாஃப். இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து முன்வரிசைக்காரர்கள் என்ற 2-3-5 வியூகத்தில் அவர்தான் ராஜா. தடுப்பதும் அவரே, முன்வரிசைக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதும் அவரே. 1925-ல் ஆஃப்சைடு விதி மாறியது. சக வீரர் பந்தை அடிக்கும் கணத்தில் முன்வரிசைக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும் என்றிருந்தது, இரண்டு பேர் போதும் என்றானது. கோல்கள் மழையாகக் கொட்டின. லண்டன் ஆர்சனல் அணியின் ஹெர்பர்ட் சாப்மன், சென்டர் ஹாஃபை இழுத்து இரு பேக்குகளுக்கும் நடுவில் நிறுத்தினார். பெயர் சென்டர் ஹாஃப் என்றே இருக்க, வேலை மட்டும் ‘ஸ்டாப்பர்’ ஆனது. டபிள்யூ-எம் என்று உலகம் முழுக்கப் பரவிய வியூகம் அதுதான்.

அடுத்து போனவர் பக்கவாட்டு ஹாஃபில் ஒருவர். பிரேசில்காரர்கள் அவரை ஸ்டாப்பருக்குப் பக்கத்தில் நான்காவது தடுப்பாட்டக்காரராக இறக்கினார்கள். மிச்சமிருந்த ஒரு ஹாஃபோடு, முன்வரிசை ஐவரில் ஒருவரான இன்சைட் ஃபார்வர்டு பின்னுக்கு வந்து ஜோடி சேர்ந்தார். 1958-ல் ஸ்வீடனில் உலகக் கோப்பையை வென்ற பிரேசிலின் நடுகளம் இவ்வளவுதான்: பந்தைப் பிடுங்க ஜீட்டோ, பிடுங்கியதை விநியோகிக்க டீடீ. அதுதான் 4-2-4. இரண்டே பேர் நடுவில் நின்று எப்படிச் சமாளிப்பார்கள்? இடது விங்கர் ஜகாலோ, பந்து கையை விட்டுப் போனதும் ஓடி வந்து மூன்றாவது ஆளாக நிற்பார். 1962-ல் சிலியில் பிரேசில் மறுபடி கோப்பையைத் தூக்கியபோது அந்த ஓட்டமே வியூகமாகி, 4-3-3 என்று பெயரும் வாங்கியிருந்தது.

இதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது சக்கர வாளி இயந்திரத்தை. சுரங்கத்தைக் காப்பாற்றுவதோ இரவும் பகலும் ஓடும் பம்புகள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு முட்டி நிற்கும் நிலத்தடி நீரை அவை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், தண்ணீர் அடித்தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். கோல் போடுகிறவர் வாளிச் சக்கரம். ஹாஃப்தான் பம்பு.

1962 நெய்வேலிக்கும் முக்கியமான வருடம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் மேல்மண்ணை எல்லாம் அள்ளி முடித்து நிலக்கரி கண்ணில் பட்டிருந்தது. 1962 மே மாதம், சோவியத் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான்கு மாதம் கழித்து ஜகார்த்தா.

ஜகார்த்தாவுக்குப் போன இந்திய அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்வார்கள்: பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம். முதல் இருவரையும் பற்றி வங்காளத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவரைப் பற்றித் தமிழில் எழுதியது மிகக் குறைவு. அவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பதே இங்கே பலருக்குத் தெரியாது.

துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் வளர்ந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. எளிய குடும்பம். வீட்டில் பந்தாட்டத்துக்கு ஆதரவு இல்லை. காலணி வாங்க வழியில்லாமல், போலீஸ்காரர்களின் பழைய பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் கால்பந்து பூட்ஸாக மாற்றிக்கொண்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் அவரைக் கண்டுபிடித்தவர் இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாகிப். ஹைதராபாத் அணியின் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்துபோகப் பணமில்லை என்றார் பையன். சைக்கிள் வாடகைக்கென்று தினம் ஒரு ரூபாய் கொடுத்தார் ரஹீம்.

அந்த ஒரு ரூபாய்தான் இந்தியக் கால்பந்து செய்த மிகச் சிறந்த முதலீடு. 1956-லும் 1957-லும் ஹைதராபாத் சந்தோஷ் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியில், இருபதைத் தொட்டும் தொடாத வயதில் பலராம் இடம்பிடித்தார். அந்த அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போன கதை இந்தத் தொடரில் முன்பே வந்துவிட்டது.

மெல்போர்னுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வெம்ப்ளியில் நடந்ததை மட்டும் இங்கே ஒரு தரம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1953 நவம்பர் 25. ஹங்கேரி 6, இங்கிலாந்து 3. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு ஹிடகுட்டி முன்னால் நிற்காமல் நடுகளத்துக்கு இறங்கி வந்துவிட்டார். அவரைப் பிடிக்க வேண்டிய இங்கிலாந்து ஸ்டாப்பர் ஜான்ஸ்டன் தவித்துப் போனார். கூடவே போனால் முதுகுக்குப் பின்னால் பெரிய ஓட்டை விழும், போகாமல் நின்றால் ஹிடகுட்டி தன்னந்தனியாகப் பந்தோடு திரும்பிவிடுவார். அன்று ஹிடகுட்டி போட்டது மூன்று கோல். பள்ளி ஆசிரியராக இருந்த ரஹீம் இந்தப் பாடத்தைத் தள்ளியிருந்தே படித்துக்கொண்டார். முன்வரிசைக்காரர் கீழே இறங்குவது பயந்து ஒதுங்குவதல்ல, எதிரியை வெளியே இழுப்பது என்று தன் பையன்களுக்குப் புரியவைத்தார்.

புரிந்துகொண்டவர்களில் முதல் ஆள் பலராம். முன்வரிசையில் எந்த இடத்திலும் ஆடக்கூடியவர். இன்சைட் லெஃப்டில் போட்டால் ஹாஃபோடு சேர்ந்து ஆட்டத்தைக் கட்டுவார், இடது விங்கில் போட்டால் கோட்டோரமே நின்றுகொண்டிருக்காமல் பந்து இருக்கும் இடத்துக்கு வருவார். விங்கர் இப்படி இறங்கும்போது எதிரணியின் ரைட் பேக்குக்கு ஜான்ஸ்டனின் அதே தவிப்பு வந்துவிடும். பின்தொடர்ந்து வந்தால் அவர் விட்டுவிட்டு வந்த இடம் காலி. அந்தக் காலியிடத்துக்குள் பாய, பந்தைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு ஓடும் சுனி கோஸ்வாமி இருந்தார்.

சுனிக்கு அழகு உண்டு, பி.கே.யின் வலது காலில் இடி உண்டு. மூவரில் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் பலராம்தான். இப்படிச் சொன்னால் கொல்கத்தாவில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். கோல் போட்டவரையே கொண்டாடிக்கொண்டிருந்தால் ஆட்டம் எங்கே ஜெயிக்கப்பட்டது என்பது கடைசிவரை தெரியாது. பலராமுக்குக் கோல் போடவும் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் வலிமையான ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் அவருடையது. 1961-ல் ஈஸ்ட் பெங்கால் கேப்டனாக கொல்கத்தா லீக்கை வென்று காட்டினார்.

இனி ஜகார்த்தா. முதல் ஆட்டத்தில் இதே கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தாயிற்று. இஸ்ரேலையும் தைவானையும் போட்டியில் சேர்க்காததை இந்திய அதிகாரி சோந்தி கண்டித்துப் பேசியதால் இந்தோனேசிய ரசிகர்களுக்கு இந்தியர்கள் மேல் கடுங்கோபம். அரங்கம் முழுக்க எதிர்க் கூச்சல். கோலில் பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட் வளர்த்த உயரமான மனிதர். காய்ச்சலில் கிடந்தவர் இறுதி ஆட்டத்துக்கு எழுந்து வந்திருந்தார். நடுவில் இரண்டே ஹாஃப்: வங்காளத்து பிரசாந்த சின்ஹா, கோவாவின் ஃபோர்ச்சுனாட்டோ ஃப்ராங்கோ. அவர்களுக்கு முன்னால் பி.கே., யூசுஃப் கான், ஜர்னைல் சிங், சுனி, பலராம்.

17-வது நிமிடம் பி.கே. கோல். 20-வது நிமிடம், ஃப்ராங்கோ தூக்கிப் போட்ட ஃப்ரீ கிக்கிலிருந்து ஜர்னைல் கோல். கொரியா ஒன்றைத் திருப்பியபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே பாக்கி. 2-1. தங்கம்.

ஸ்டாப்பரான ஜர்னைல் சிங் சென்டர் ஃபார்வர்டு இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? 1925-ல் பின்னுக்குத் தள்ளப்பட்டவரின் வாரிசை ரஹீம் ஏன் முன்னுக்கு அனுப்பினார்? தலையில் தையலோடு அவர் எப்படிப் பந்தை முட்டினார்? அதற்குத் தனியாக ஓர் இதழ் வேண்டும்.

பலராமின் கதையை அரைகுறையாக விட முடியாது. 1962-ல் அர்ஜுனா விருது. அடுத்த ஆண்டே நுரையீரல் நோய் அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றியது. வயது இருபத்தேழைத் தாண்டவில்லை. அதே 1963 ஜூன் 11-ல் ரஹீமும் புற்றுநோயால் இறந்துபோனார். சுனிக்கு 1983-ல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990-ல். பலராமுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2023 பிப்ரவரி 16-ல் கொல்கத்தாவில் காலமானார். மூவரில் இருவரைத் தேர்ந்தெடுத்து ஒருவரை விட்டதற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது. இது அநியாயம், அவ்வளவுதான்.

நடுகளத்தில் ஆடுகிறவர்களின் நிலைமை இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் நடுகள ஆட்டக்காரர்தான். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி, தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனபோது அணியின் தூண்களில் ஒருவர் அவர். தேசிய அணியின் நீலச் சட்டையும் அணிந்தவர். கடலூர்ப் பெண்கள் கால்பந்துக்கு வந்த கதை இந்தத் தொடரில் பின்னால் விரிவாக வரும்.

அடுத்த இதழில்: ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பிய முடிவு.

(தொடரும்)