வென்றவனே பேயான கதை

எங்கட பிள்ளையள் இரவிரவாக விளையாடுகிற டியாப்லோவுக்கும் ஒரு வரலாறு இருக்குது.

1997 இல் கடைக்கு வந்த முதலாம் பாகத்தில் வீரனுக்குப் பெயரே இல்லை. ட்ரிஸ்ட்ரம் ஊர்த் தேவாலயத்துக்குக் கீழே இறங்கிப் பேயரசனைக் கொல்கிறான். பேயின் உயிர் அடைபட்ட கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை. 2000 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த வீரனே பேயாகித் திரிகிறான். முதலாம் பாகத்து வில்லுக்காரியும் மந்திரவாதியும்கூட இதில் எதிரிகளாய் வருகினம்.

2012 இல் மூன்றாம் பாகம் அவனுக்கு ஏய்டன் என்று பெயர் வைத்து, லியோரிக் அரசனின் மூத்த மகனாக்கியது. அப்போ, பேய் குடியிருந்த உடம்பு அவன்ர சொந்தத் தம்பியுடையது! 15 வருசத்துக்குப் பிறகு பழைய வெற்றி சகோதரக் கொலையாகத் தெரியுது.

பிள்ளையளிட்டை, "ஆரைக் கொன்றனி?" என்று ஒருக்கால் கேட்டுப்பாருங்கோ.