பரிசிலும் ஊக்கத்தொகையும்: மார்க்கம் தமிழரிடையே ஒரு சொற்சிக்கல்

'இன்சென்டிவ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒற்றை நிகரன் இல்லை. இலங்கைத் தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் அருகருகே வாழும் கனடாவின் மார்க்கம் நகரில் இக்குறை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாணவருக்குக் கிடைக்கும் கல்விப் பணத்தை ஒரு வீட்டார் புலமைப்பரிசில் என்பர்; அடுத்த வீட்டார் உதவித்தொகை அல்லது ஊக்கத்தொகை என்பர். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல.

பரிசில் சங்க வழக்கு. புலமையைக் காட்டிய பின் பெறுவது. கொடை தாழ்க்கும்போது வேண்டி நிற்கும் 'பரிசில் கடாநிலை' தனித்துறையாகவே அமைந்தமையின், அதில் உரிமையின் சாயலும் உண்டு. அதியமான் தம்மை நேரிற் காணாது அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. பொருளின் அளவன்று, புலமை மதிக்கப்படுதலே அவருக்குப் பெரிது. பரிசில் பிறரைத் தூண்டுவது, பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் ஆற்றுப்படையிலேயே. (ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் இசையெடுத்துத் தொடங்குதலையே குறித்தது என்பது பாணர் மரபை அறிந்தவர்க்குச் சுவையான செய்தி.) இலங்கையின் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை அப்பழைய பொருளைக் காத்துவருகிறது: முதலில் திறமை, பின்னரே பணம்.

ஊக்கமோ திருக்குறளில் ஒருவரின் உடைமை. 60ஆம் அதிகாரத்தின் பெயரே ஊக்கமுடைமை. பிற்காலத்து 'ஊக்கத்தொகை' அதனைப் புறத்திருந்து ஊட்டப்படுவதாக்கிற்று.

மார்க்கத்தில் இவ்வேறுபாடு பணமதிப்புடையது. கனடிய அரசு 1998இல் கொணர்ந்த கல்விச் சேமிப்பு மானியத்தில், பெற்றோர் ஆண்டுக்கு 2,500 டொலர் சேமித்தால் அரசு 20 விழுக்காடாக 500 டொலர் சேர்க்கும். ஒரு பிள்ளைக்கு உச்ச அளவு 7,200 டொலர். பரீட்சை இல்லை; சேமிப்பே நிபந்தனை. தமிழ் நிலவரலாற்றில் மானியம் வரி நீங்கிய நிலத்தைக் குறித்த சொல். இந்நிபந்தனையை அது உணர்த்தாது. கனடாக் கற்றல் பத்திரமோ, 2004ஆம் ஆண்டு முதல் பிறந்த குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளுக்கு 2,000 டொலர் வரை தருவது. பெற்றோர் ஒரு சதமும் இட வேண்டியதில்லை. தகுதியான கணக்கைத் திறந்து விண்ணப்பித்தால் போதும். முதலாவது ஊக்கத்தொகை, இரண்டாவது உதவித்தொகை. இரண்டையும் மானியம் என்றால், சேமிக்க இயலாதவர் இரண்டுமே தமக்கில்லை எனக் கருத இடமுண்டு. புலமைப்பரிசில் என்றாலோ, ஐந்தாந்தரப் பரீட்சை எழுதி வந்த பெற்றோர் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைத் தேடத் தொடங்குவர்.