இன்னொரு கோயில் எதற்கு?

பாளையங்கோட்டையிலிருந்து சாத்தான்குளத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் பிரயாணம் செய்தேன். சித்திரை மாத வெயில். இரு பக்கமும் செம்மண் தேரி. தேரி எங்கும் பனை. பனைகளுக்கு மேலே, ஊருக்கு ஒன்றாக, வேதக் கோயில்களின் கோபுரங்கள். ஒரு கோபுரம் கண்ணை விட்டு மறையும் முன்பே அடுத்தது தலை காட்டிவிடும். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் கருப்பட்டிச் சிப்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் அவரிடம் கேட்டேன்.

"ஏன் ஐயா, கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பக்கத்து வீட்டுல அடுப்பு எரியுதுன்னு நம்ம வீட்டு அடுப்பை அவிச்சுப் போடுவமா தம்பி?" என்றார். அவ்வளவுதான். அவர் ஊர் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார்.

பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் போதவில்லை. அடுப்பு மூட்டுவதென்றால் விறகு வேண்டும், அரிசி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பசி வேண்டும். இந்தச் சீமையில் முதன்முதலாகப் புதுக் கோயில் எழுப்பியவர்களுக்கு என்ன பசி இருந்தது? ஊர் திரும்பியதும் திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்தைப் புரட்டினேன். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் கிடைத்தவை நாலு கதைகள்.

முதல் கதையை நான் நாவலாக எழுதியிருந்தால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வாசகர்களே கடிதம் போட்டிருப்பார்கள். தஞ்சாவூர் மராத்தியப் பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, இளம் விதவை. உடன்கட்டை ஏற இருந்த அந்த அம்மாளை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி காப்பாற்றினார் என்பது வழிவழியாக வருகிற செய்தி. அவரோடு பாளையங்கோட்டைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். வேதத்தை அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டபோது ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். முறைப்படி மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவருடைய நியாயம். லிட்டில்டன் காலமான பிறகுதான், 1778-ல், கிளாரிந்தா என்ற பெயருடன் அந்த அம்மாளுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது.

அந்த அம்மாளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிறந்த குலத்துக்குத் திரும்ப வழியில்லை. துரைமார்களின் கூட்டமோ அவளுடையதல்ல. போய் உட்கார்ந்து, "இது என் இடம்" என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒரு மூலை கிடையாது. 1780-ல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் கிளாரிந்தா. ஐந்து வருஷம் கழித்து, 1785-ல், அவள் முன்னின்று கட்டிய கோயிலை ஸ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "பாப்பாத்தியம்மாள் கோயில்". வேதம் மாறிய பிறகும் சாதிப் பெயரை விடாமல் ஒட்டவைத்த ஊர்க்காரர்களின் குறும்பை என்ன சொல்ல! ஆனால் அந்தப் பெயரில் ஓர் உண்மையும் உண்டு. அது கோட்டைத் துரைகளின் கோயில் அல்ல. உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் கோயில்.

இரண்டாவது கதை அங்கிருந்தே கிளைக்கிறது. 1790-ல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்ற தமிழரை மறு வருஷம் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். அவரோடு ஊழியத்தில் சேர்ந்தவர் சாத்தான்குளத்துக்குப் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த வாலிபர், தாவீது சுந்தரானந்தம். பனையேறிகளான தம் சொந்த ஜனங்களிடமே அவர் போனார். 1797 தொடங்கிக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். எதிர்ப்பும் உடனே வந்தது. ஜெபக் கூடங்களை இடித்தார்கள். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். குடியிருக்கும் நிலம் ஒருவனுடையது, ஏறும் பனை இன்னொருவனுடையது என்றிருந்தவர்கள் எங்கே போவார்கள்?

தாவீது என்ன செய்தார் தெரியுமா? தேரிக்காட்டில் ஒரு துண்டு நிலத்தை வாங்கி, அடிபட்டவர்களை அங்கே குடியேற்றி, கோயிலையும் ஊரையும் சேர்த்தே உண்டாக்கினார். அதுதான் முதலூர். முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் அந்தப் பெயர். வருஷம் 1799. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட அதே வருஷம்! ராஜாங்கங்கள் மோதிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு மூலையில், நாலு பனையேறிக் குடும்பங்கள் ஒருவரையும் அண்டாமல் குடியிருக்க இடம் தேடிக்கொண்டிருந்தன. பெரிய சரித்திரத்தில் இதற்கு ஒரு வரி கிடைப்பதே அதிகம். ஆனால் நாசரேத்தும், சாயர்புரமும், மெய்ஞ்ஞானபுரமும் பிற்பாடு எழுந்தது முதலூர் காட்டிய வழியில்தான். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், இப்படி நிலம் வாங்குவதற்கென்றே தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே சாதிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி ஊர் அமைத்தபோது சாதியும் மூட்டையோடு கூடவே வந்துவிட்டது. அடைக்கலமாக எழுப்பிய சுவர் அயலாரைத் தள்ளி நிறுத்தும் சுவராகவும் ஆயிற்று. அடைக்கலம் தேடி ஓடியவனை அதற்காகக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது.

மூன்றாவது கதையில் கொஞ்சம் காரம் உண்டு. கால்டுவெல்லை நாம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பேரறிஞராகவே அறிவோம். அவர் அதற்கு முன்னால், 1849-ல், திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படிக்கமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ! படித்தார்கள், கொதித்தார்கள். தங்களை அறிவில் தாழ்ந்தவர்களாகக் காட்டிவிட்டார் என்ற மனப்புண் நெடுங்காலம் ஆறவில்லை. அதே காலத்தில் நாசரேத்தில் அருமைநாயகம் என்ற உபதேசியார் இருந்தார். சட்டாம்பிள்ளை என்றால்தான் ஊருக்குத் தெரியும். நல்ல படிப்பாளி. மிஷனரியோடு ஏற்பட்ட தகராறில் வேலை போயிற்று.

1857-ல் அவர் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். வெள்ளைக்காரர் பணமும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம் என்பது அதன் அஸ்திவாரம். பைபிள் கீழை நாட்டு நூல். அதைக் கீழை நாட்டவன் தன் முறைப்படியே கைக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். ஐரோப்பிய வழக்கங்களை ஒதுக்கினார். ஓய்வு நாள் சனிக்கிழமை ஆயிற்று. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளும் சாம்பிராணிப் புகையும் வந்தன. சபை பெரிதாக வளரவில்லை. போனவர்களில் பலர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். ஆனால், "எங்கள் கோயிலை எங்களால் நடத்த முடியும்" என்று இந்தியக் கிறிஸ்தவர்கள் வாயால் சொல்லாமல் செய்து காட்டியதில் இது மிகவும் முந்தியது. பசி என்றேனே, இங்கே அது மானத்தின் பசி.

நாலாவது கதைக்கு வருகிறேன். வெள்ளாளன்விளைக் குருவானவரின் மகன் வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல் பிறந்தவர். 1902-ல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே கடல் கடந்து ஊழியம் செய்ய ஆள் அனுப்புவதைக் கண்டார். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. திருநெல்வேலியில் அத்தனை ஆயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தும், நூறு வருஷமாக வாங்கிக்கொண்டே இருக்கிறோமே! மறு வருஷமே, 1903-ல், இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது ஏற்பாடு. சோறு பொங்க உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் வழக்கம் திருநெல்வேலிப் பெண்களுக்கு உண்டு. அப்படிப்பட்ட ஏழைக் காணிக்கை நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு, தெலுங்கு பேசும் ஜனங்களுக்குப் போயிற்று.

1909-ல் அசரியாவே அங்கே போனார், தெலுங்கு படித்தார், கிராமம் கிராமமாக அலைந்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத மாலரும் மாதிகரும். ஞானஸ்நானம் பெறுகிறவன் தன் தலையில் தானே கை வைத்து, "நான் பெற்றதை மற்றவனுக்குச் சொல்வேன்" என்ற கருத்தில் உறுதி எடுக்க வேண்டும் என்று வைத்தார். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயிலின் சாயலும் மசூதியின் சாயலும் கலந்து நிற்கின்றன. கூட்டம் கூட்டமாக மதம் மாற்றுவதைக் காந்தியடிகள் ஒப்பவில்லை. 1930-களில் இருவருக்கும் இடையே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: மற்ற இடங்களில் தலை குனிந்து நின்ற ஜனங்களுக்கு, தாங்களே கூடிப் பேசி, தாங்களே காணிக்கை போட்டு, தாங்களே நடத்த ஓர் இடம் அங்கே கிடைத்தது.

நாலு கதைகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஒருத்திக்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. சிலருக்குக் குடியிருக்க ஊர் வேண்டியிருந்தது. சிலருக்கு மானம் வேண்டியிருந்தது. கடைசியில், வாங்கியே பழகிய கைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய கோயில் எத்தனை பெரிதானாலும் இந்தப் பசிகளை அது அறியாதபோது புதுக் கோயில் எழும்பத்தான் வேண்டும். பங்காளிச் சண்டையிலும், நாற்காலி ஆசையிலும் எழும்புகிற கோயில்களும் உண்டு. அவற்றுக்கு இந்த நியாயம் பொருந்தாது. புதிதாக ஒன்றைத் தொடங்க நினைக்கிற கிறிஸ்தவ அன்பர்கள் இடம் பார்ப்பதற்கு முன்னால், யாருடைய பசிக்காக என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

பஸ்ஸில் வந்த பெரியவரை மறுபடியும் நான் சந்திக்கவில்லை. சந்தித்தால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அவர் வீட்டு அடுப்பங்கரையில் பிடி அரிசிப் பானை இன்னும் இருக்கிறதா?