ஓட்டுதலும் ஓம்புதலும்: பழைய மோட்டார் வண்டிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சென்ற காலத்தை ஆராய்வோர்க்குக் கல்வெட்டும் காசும் ஏடும் சான்றாவது போலவே, மனிதர் செய்து பயன்படுத்திய யந்திரங்களும் சான்றாகின்றன. ஆயின் இவ்விருவகைச் சான்றுகளுக்குமிடையே ஒரு வேறுபாடு உண்டு. கல்வெட்டு நின்ற இடத்தில் நின்றே தன் செய்தியைக் கூறும். யந்திரமோ இயங்கும்போதுதான் தன்னை முழுமையாக வெளிப்படுத்தும். இயங்குந்தோறும் தன் உடலில் ஒரு சிறு பகுதியை இழந்தும்விடும். மேலை நாடுகளிற் பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோரிடையே நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஒரு விவாதத்துக்கு இதுவே அடிப்படை. தொழிற்சாலையிற் பூசிய வர்ணமும், முதலில் தைத்த தோலிருக்கையும், முதலிற் பொருத்திய எஞ்சினும் மாறாதிருக்கும் ஒரு வண்டியைத் தெருவில் ஓட்டலாமா, அன்றி ஓட்டாது காத்து வைத்தல் வேண்டுமா என்பதே அவ்விவாதம்.

முற்றாகப் பிரித்துப் புதுக்கிய வண்டிகளைக் குறித்து இவ்வினா அத்துணை வலிமையுடன் எழுவதில்லை. அவற்றின் வர்ணம் நேற்றுப் பூசியது. தோல் நேற்றுத் தைத்தது. தேய்ந்தால் மீண்டும் பூசலாம், மீண்டும் தைக்கலாம். மாறாத வண்டிக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு பொருள் தன் முதல் நிலையில் இருத்தல் ஒருமுறையே கூடும்.

பழைய வண்டிகளை முதலிற் காப்பாற்றியவர்கள் அவற்றை ஓட்டியவர்களே என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்தில் யந்திர வண்டிக்கு முன்னே ஓராள் நடந்து செல்லவேண்டும் என்றிருந்த சட்டம் 1896 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் திகதி நீங்கியது. அன்று மோட்டார் வண்டிக்காரர் இலண்டனிலிருந்து பிறைற்றன் வரை ஓடித் தம் விடுதலையைக் கொண்டாடினர். 1927 ஆம் ஆண்டில் அதன் நினைவாக அதே வழியில் மீண்டும் ஓர் ஓட்டம் நடத்தப்பெற்றது. அக்காலத்தில் இருபது முப்பது ஆண்டு பழைமையுடைய வண்டிக்கு யாரும் மதிப்பளித்தாரல்லர். தொழுவத்தின் மூலையிலும் பழைய இரும்புக் கடையிலும் அவை கிடந்தன. ஓடிக் காட்ட வேண்டும் என்ற ஆசையினாலேயே பலர் அவற்றைத் தேடி எடுத்தனர். 1930 இல் பிரித்தானியாவில் மிகப் பழைய வண்டிகளுக்கான சங்கம் தோன்றியது. 1953 இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்ற திரைப்படம், 1904 ஆம் ஆண்டு டராக் வண்டியொன்றைக் கதாநாயகியின் நிலைக்கு உயர்த்தி, இவ்வார்வத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. 1905 க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் பிறைற்றனுக்கு ஓடும் வழக்கம் இன்றும் உண்டு. அவற்றுள் எத்தனை வண்டிகள், ஓட்டம் என்ற ஒன்று இல்லாதிருந்தால், உருக்குலைக்குச் சென்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஓட்டம் அறிவையும் வளர்த்தது. 1888 இல் பேர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு புதல்வருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றபோது, வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்க நேர்ந்தது. வழியிற் செருப்புத் தைப்பவர் ஒருவர் பிறேக்கின் கட்டைகளுக்குத் தோல் தைத்துக் கொடுத்தார். தொழிற்பட்டறையிற் காணாத குறைகளைத் தெரு காட்டிக் கொடுத்தது. எனினும் அக்குடும்பத்தின் முதல் வண்டி 1906 இல் மியூனிக் நகரிலுள்ள ஜேர்மன் நூதனசாலைக்கு வழங்கப்பட்டபின், இன்று தெருவில் ஓடிக் காட்டப்படுபவை அதன் படிகளே. படி எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தின் இடத்தைப் பெறாது என்பதை ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர் அறிவர். எனினும் மூலத்தைத் துன்புறுத்தாது அதன் நடையைக் காட்ட வல்லது படியே.

ஓடாது நின்ற யந்திரம் என்ன பயன் தரும் என்பார்க்கு, மோட்டார் வண்டியன்றாயினும் ‘றொக்கற்’ என்ற புகைவண்டி எஞ்சின் தக்க விடையளிக்கின்றது. 1829 இல் ஸ்ரீபன்சன் தொழிற்சாலையில் உருவான அது, 1862 முதல் இலண்டனில் நூதனசாலைப் பொருளாக இருந்தது. 1999 இல் மைக்கல் பெய்லி, ஜோன் கிளிதரோ என்னும் இருவர் அதன் பாகங்களைப் பிரித்து ஆராய்ந்தனர். ஆணித் துளைகளும் ஒட்டுத் தகடுகளும் தேய்வுகளும், அவ்வெஞ்சின் வேலைசெய்த காலத்தில் அடைந்த மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. எழுத்துச் சான்றுகள் கூறாதவற்றை இரும்பு கூறிற்று. அதை இடைவிடாது பழுதுபார்த்து ஓட்டியிருந்தால், பழைய துளைகள் மூடப்பட்டுப் புதுத் தகடுகள் ஏறியிருக்கும். ஆராய்வதற்கு ஒன்றும் எஞ்சியிராது. ஓடிக் காட்டுதற்கென 1979 இல் அதற்கும் ஒரு படி செய்யப்பட்டது.

இனி மறுபுறம் நோக்குவோம். 1907 இல் வெளிவந்த றோல்ஸ் றோய்ஸ் ‘சில்வர் கோஸ்ற்’ வண்டி இலண்டனுக்கும் கிளாஸ்கோவுக்குமிடையே ஓடி ஓடி 15,000 மைல் சோதனையை நிறைவேற்றிற்று. அதில் 14,371 மைல் தூரம், தானாக நேர்ந்த தடையெதுவுமின்றி ஓடியது. சோதனை முடிந்தபின் வண்டியைப் பிரித்துப் பார்த்து, தேய்ந்தவற்றை மாற்றிப் புதியதுபோலாக்க ஆன செலவு 2 பவுண் 2 சிலிங் 7 பென்ஸ் மட்டுமே. நன்கு செய்யப்பட்ட யந்திரம் தக்க கவனத்துடன் ஓட்டப்படின் மிகக் குறைவாகவே தேயும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவ்வண்டி பின்னர் ஒருவருக்கு விற்கப்பட்டு, பல ஆண்டுகள் தெருவில் உழைத்து, 1948 இல் தன்னைச் செய்த கம்பனிக்கே மீண்டது. ஐந்து இலட்சம் மைலுக்கு மேல் அது ஓடியதாகக் கூறுவர். அத்தனை தூரம் ஓடிய வண்டியில் 1907 ஆம் ஆண்டுக்குரியது எவ்வளவு என்பது வேறு வினா.

இவ்வினா நீதிமன்றம் வரை சென்ற வரலாறும் உண்டு. பென்ற்லிக் கம்பனியின் ‘ஓல்ட் நம்பர் வன்’ என்னும் பந்தய வண்டி 1929 இலும் 1930 இலும் பிரான்சின் லே மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் வெற்றி பெற்றது. முதலாண்டு பார்னாற்றோவும் பேர்க்கினும், மறுவாண்டு பார்னாற்றோவும் கிட்ஸ்ரனும் அதனைச் செலுத்தினர். அதன்பின்னும் அது ஓய்ந்திருக்கவில்லை. வேறு எஞ்சின் ஏற்றப்பட்டு, 1932 இல் புறூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் நிகழ்ந்த பந்தயத்தில் விபத்துக்குள்ளாயிற்று. ஓட்டிய கிளைவ் டன்பீ உயிரிழந்தார். பின்னர் மூடிய உடல் கட்டப்பட்டுத் தெருவண்டியாயிற்று. பிற்காலத்தில் மீண்டும் பந்தய உருவைப் பெற்றது. 1990 இல் ஏறத்தாழ ஒரு கோடி பவுண் பெறுமதிக்கு விலைபேசப்பட்டபோது, வாங்குவதாக ஒப்பியவர்கள் ‘இது அவ்வண்டியே அன்று’ என்று கூறிப் பின்வாங்கினர். இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓற்றன் வழக்கை விசாரித்தார். 1929 ஆம் ஆண்டில் லே மானில் ஓடியவற்றுள் ஏதும் எஞ்சியதாகச் சொல்வதே அரிது என்பது சாட்சியத்தில் வெளிப்பட்டது. எனினும், இடையறாத வரலாற்றுத் தொடர்ச்சியினால் அப்பெயருக்கு உரிமையுடைய வண்டி இதுவேயன்றிப் பிறிதொன்றில்லை என அவர் தீர்ப்பளித்தார்.

இத்தீர்ப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு வண்டி தன் பாகங்களால் மட்டுமன்றித் தன் வாழ்வினாலும் அதுவாகின்றது என்பது அதன் கருத்து. உழைத்த வண்டிக்கு, உழைப்பில் மாறிய பாகமும் அதன் சரித்திரமேயாகும். சட்டத்துக்கு இவ்விளக்கம் போதியது, ஆராய்ச்சியாளனுக்குப் போதாது. 1929 ஆம் ஆண்டின் வெல்லுந் திறன் எதிலிருந்தது, எந்த உருக்கு எவ்வாறு வார்க்கப்பட்டிருந்தது என அறிய விரும்புவோன் அவ்வண்டியிடம் கேட்டுப் பயனில்லை. பெயர் நிலைத்தது, சான்று போயிற்று. மாறாத நிலையில் எஞ்சிய வண்டியை ஓட்டும் உரிமையாளர் ஒவ்வொருவரும், சிறிது சிறிதாக, இதே வழியிலேயே செல்கின்றனர்.

அப்படியாயின் ஓட்டாமல் வைப்பதனாற் காப்பு உண்டாகுமோ எனின், அதுவும் எளிதன்று. நிறுத்தி வைத்த வண்டியும் அழியும். அழிவின் வழிதான் வேறு. பெற்றோல் ஆவியாகிப் போக, காபரேற்றரின் நுண்டுளைகளிற் பிசின் படியும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்த்து உள்ளிருந்து துருவேற்றும். தோலினாலும் இறப்பரினாலுமான அடைப்புகள் உலர்ந்து வெடிக்கும். பாரத்தைத் தாங்கி ஒரே இடத்தில் நிற்கும் ரயர் தட்டையாகும். பற்றரி பயனற்றுப் போகும். சிலர் மாதம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் இயக்கிவிட்டு நிறுத்துவர். இது நிறுத்தி வைப்பதனினும் தீது. எரிதலில் உண்டாகும் நீர் வெளியேறுமளவுக்கு எஞ்சின் சூடேறுவதில்லை. அந்நீரும் அமிலமும் எண்ணெயிற் கலந்து தங்கிவிடும். இயக்குவதாயின் நன்கு சூடேறும்வரை இயக்கவேண்டும். அன்றேல் எரிபொருளை வடித்து, உருளைகளுக்குள் எண்ணெயிட்டு, சக்கரங்களைத் தாங்கிகளின் மேல் உயர்த்தி, எஞ்சினைக் கையால் மட்டும் திருப்பி வைக்கவேண்டும். இரண்டுமின்றிக் கராஜினுள் விட்டு, ‘காத்துள்ளோம்’ என்பது வீண்பேச்சு.

ஓட்டுதலின் சேதமும் ஒருதன்மையதன்று. எஞ்சினின் தாங்கிகளில் வார்க்கப்பட்ட மென்மையான உலோகம் தேயினும் மீண்டும் வார்க்கலாம். அவ்வண்டி செய்யப்பட்ட காலத்திலேயே அது தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்தது. ஆயின் மரச்சட்டத்தின் மேற் கட்டிய உடலில், தெருக் குலுக்கத்தினால் மூட்டுகள் தளர்ந்து வர்ணம் வெடிக்கும்போது, அதை ஈடுசெய்ய வழியில்லை. வெயிலும் சேறும் குளிர்நாட்டுத் தெருக்களில் இடும் உப்பும் வர்ணத்தையும் தகட்டையுமே முதலில் தாக்கும். பிற வாகனம் ஒன்று மோதினால் அரை நொடியில் யாவும் முடிந்தன. எனவே தேய்வதற்கென அமைந்த பாகத்தையும், மீளாத பாகத்தையும் ஒன்றாக எண்ணி வாதிடுவோர் இருதிறத்தாரும் வழுவுகின்றனர் என்றே கூறவேண்டும்.

எண்ணிக்கையையும் கருதுதல் வேண்டும். போர்ட் கம்பனி 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒரு கோடி ஐம்பது இலட்சம் ‘மொடல் ரீ’ வண்டிகளைச் செய்தது. எஞ்சியவற்றுள் ஒன்றை ஓட்டுதலால் உலகு இழப்பது சிறிது. ஓட்டாமையால் இழப்பதோ பெரிது. அதன் மூன்று மிதிகளில் இடதுபக்கத்தது கியரை மாற்றும், நடுவிலுள்ளது பின்னோக்கிச் செலுத்தும், வலதுபக்கத்தது பிறேக். வேகத்தைக் கூட்டுவது காலன்று, கை. இன்றைய ஓட்டுநர் எத்துணை நூல் படிப்பினும் அதன்மேல் ஏறியமர்ந்து ஓட்டாமல் அதனை அறியார். இத்தகைய கைப்பழக்கம் ஓட்டுவோரிடையே மட்டும் வாழ்வது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் மீளாது.

இவ்விரு கொள்கைகளுக்குமிடையே ஒரு வழியைச் செயலிற் காட்டியவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கிய பிரெடெரிக் சிமியோன் (இறப்பு: 2022). தாம் திரட்டிய பந்தய வண்டிகளுக்கென 2008 இல் அவர் நூதனசாலை ஒன்றைத் திறந்தார். குறித்த நாட்களில் அவ்வண்டிகள் கட்டிடத்தின் பின்னுள்ள வெளியில் மெதுவாக ஓட்டிக் காட்டப்படும். பார்ப்போர் ஒலியையும் மணத்தையும் அறிவர். வண்டி தெருவைக் காண்பதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்து 2001 இல் வெளிப்பட்ட 1964 ஆம் ஆண்டுக் கோப்ரா டெய்ற்ரோனா வண்டியை, அவர் பளபளப்பாகப் புதுக்காது கிடைத்த நிலையையே பெரும்பாலும் பேணினார். 2014 இல் அமெரிக்கத் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் முதலிடம் பெற்றது அவ்வண்டியே.

இவ்வழியே ஏற்புடையது எனத் தோன்றுகின்றது. மாறாத வண்டி நெடுந்தெருவில் உல்லாசப் பயணம் போகவேண்டியதில்லை. அடைத்த வெளியில் அளவோடு இயங்கினாற் போதும். மாற்றிய பாகம் எதுவாயினும், பழையதை எறியாது குறிப்பெழுதிக் கட்டி வைத்தல் வேண்டும். பழைய வாகனங்களின் சர்வதேசச் சம்மேளனம் 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், கட்டிடங்கள் பற்றிய 1964 ஆம் ஆண்டு வெனிசுச் சாசனத்தைப் பின்பற்றி, செய்த மாற்றங்களைப் பதிவுசெய்தலை வற்புறுத்துகின்றது. அதேவேளை தெருவில் இயங்கும் உரிமையையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. சாசனம் சட்டமன்று, வண்டி தனியாரின் சொத்தாயிருக்கும்வரை உரிமையாளரின் மனச்சான்றே காவல். பிரான்சு அரசு 1978 இல் மியுலூஸ் நகரின் ஷ்லும்ப் சகோதரரது வண்டித் தொகுதியை வரலாற்றுச் சின்னமாக அறிவித்து, அது சிதறாது தடுத்தமை இதற்கொரு விலக்கு.

சுவையும் மாறி வருகின்றது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சி 1950 இல் தொடங்கியது. அதில் முதற்பரிசு பெறுவன நெடுங்காலமாகக் கண்ணாடிபோல் மின்னும் புதுக்கிய வண்டிகளேயாம். 2024 ஆம் ஆண்டில், புதுக்கப்படாத வண்டியொன்று அங்கு முதன்முறையாக முதற்பரிசு பெற்றது. அது 1934 ஆம் ஆண்டுப் புகாற்றி. பந்தயத்தில் ஓடியபின் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் உடைமையாகி, கருநிறமும் மஞ்சட் கோடும் பெற்றது. வெடித்த அப்பூச்சே அதற்குப் பெருமை தேடிக் கொடுத்தது.

பெருமையோடு விலையும் ஏறவே, புது வர்ணத்தைத் தேய்த்தும் வெடிக்கச் செய்தும் பழைமை போலக் காட்டும் தொழிலும் பிறந்துவிட்டது. அத்தகைய வண்டியொன்று ஆராய்வோர் முன் வரும்போது, பூச்சின் படைகளையும், திருகாணியின் தலையிலுள்ள கீறலையும், தையலின் நூலையும் எதனோடு ஒப்பிடுவது? அதே தொழிற்சாலையில் அதே ஆண்டிற் பிறந்து, ஒருவராலும் தொடப்படாது எங்கோ ஒரு கொட்டகையில் நிற்கும் வண்டியோடுதான்.